இருளப்பனுக்கு வந்த கடிதம்

நூற்றுப் பதினேழு. திரும்ப எண்ணியும் நூற்றுப் பதினேழுதான். நேற்றுத்தான் இந்த முகாமுக்கு மாற்றலாகி வந்த சுபேதார், விரலை நாக்கில் தொட்டுப் பதிவேட்டின் தாளைப் புரட்டினார், உதட்டைப் பிதுக்கினார், காவல்காரனைப் பார்த்து "நூற்றுப் பதினெட்டு இருக்கணும். இன்னொரு தடவை, முதல் வரிசையிலிருந்து" என்றார். நோயாளிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு மூன்றடி தள்ளி நின்ற கைதிகளின் டாக்டர் கேப்டன் கோமதிநாயகத்துக்கு, குறைகிற அந்த ஒரு ஆள் யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எண்ணுவது முடிந்துவிடும். எண்ணி முடிந்தால் வீட்டுக்குப் போகிற மாதாந்தர அட்டைகளில் மிச்சத்தையும் வாங்கித் தபால் பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அவன் சட்டைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, இன்னும் ஒரு எழுத்துகூட எழுதாத அவனுடைய அட்டை. இன்னொன்று, இன்று காலையில் வந்த கடிதம், இருளப்பனுக்கு. நாலு மாதத்துக்கு முன்னால் செத்துப்போன இருளப்பனுக்கு. இவர்கள் எண்ணட்டும், மெதுவாக எண்ணட்டும், ஐந்து ஐந்தாக நிற்கிறவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணட்டும். மே மாத வெயில் காலை எட்டு மணிக்கே தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி தரையிலிருந்து சுள்ளென்று கிளம்பியது. இந்த ஊர் வெயிலுக்கு ஒரு வாடை உண்டு, செங்கல் சூளை வாடை. டிசம்பரில் சண்டையில் பிடிபட்டு லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது பல் கிட்டும் குளிர். இப்படிக் குளிருகிற ஊர் இப்படிக் காயவும் செய்யும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். பின்னால் நின்ற நாயக் பவுன்ராஜ், உதடு அசையாமல் பேசுவதில் கெட்டிக்காரன், "சார், எவனோ கக்கூசுல உக்காந்திருக்கான். நேத்துப் பருப்பு அப்படி" என்றான். "சும்மா நில்லும்யா." "நிக்கத்தான் செய்றேன். எதிரி நாட்டுல வந்து நிக்கிறதுக்குத்தானே ஆறு வருசம் பரேடு பழகுனேன்."

கடிதத்தைக் காலையில் வேப்பமரத்தடியில் வைத்து ஒரு தடவைதான் படித்தான். ஒரு தடவை படித்ததே போதும், மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் அது பேசிக்கொண்டே இருக்கிறது. தமிழ் தெரிந்த தணிக்கைக்காரன் இங்கே கிடையாது. ஆகையால் போகிற கடிதமும் வருகிற கடிதமும் இங்கிலீஷில்தான் இருக்கவேண்டும் என்று சட்டம். கமுதிப் பக்கத்துக் கிராமத்துப் பொம்பளை வெள்ளத்தாய், பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் கோணலும் மாணலுமாக இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். அந்த இங்கிலீஷைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் அவள் குரல் அப்படியே இருக்கிறது. அவளை அவன் பார்த்தது கிடையாது. ஆனாலும் குரல் கேட்கிறது. சண்டையில நீங்க செத்துப் போயிட்டதா மார்கழியில தந்தி வந்துச்சு. பதினாறாம் நாள் காரியம் எல்லாம் செஞ்சிட்டாங்க. உங்க தம்பிதான் மொட்டை போட்டாரு. என் வளையலை உடைச்சாங்க, தாலியக் கழட்டிப் பால் சொம்புல போட்டாங்க. மாரியம்மன் பொங்கலுக்கு முந்துன வாரம் உங்க கார்டு வந்துச்சு, நலமா இருக்கேன்னு. நான் கத்துன கத்துல பக்கத்துத் தெரு மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு. கழட்டுன தாலிய மறுபடி யாரு கட்டுறதுன்னு ஊரே கூடிப் பேசுச்சு. கட்டுறவரு அங்க, கழுத்து இங்க. உங்க அம்மா நான் கட்டுறேன்னாங்க, பொம்பளை கட்டலாமான்னு பெரியாளுகளுக்குள்ள சண்டை. பேசி முடிப்பாங்கன்னு தோணல. வெடுக்குன்னு வாங்கி, கோயில் வாசல்ல வச்சு நானே கட்டிக்கிட்டேன். மூணு முடிச்சும் நானே போட்டேன். உங்க தங்கச்சி விளக்குப் பிடிச்சா. நீங்க வந்து ஒழுங்காக் கட்டிவிடுங்க, என் முடிச்சு கொஞ்சம் லூசா இருக்கு. இந்த இடத்தில் வாத்தியாருக்கு இங்கிலீஷ் கிடைக்காமல் மூன்று தடவை அடித்து எழுதியிருக்கிறார். அதற்கு அப்புறம் வருவதைக் கோமதிநாயகம் விரலை வைத்துப் படித்தான். பள்ளிக்கூடத்துல மதியச் சோறு ஆக்குற வேலைய எனக்குக் குடுத்து ஆர்டர் வந்துச்சு, புருசன் போனவளுன்னு. என் புருசன் கல்லு மாதிரி இருக்காரு, இல்லாதவளுக்குக் குடுங்கன்னு திருப்பிக் குடுத்திட்டேன். அந்த ஆபீசர் நல்ல மனுசன், ஜூன் கடைசி வரைக்கும் வேற ஆளப் போடமாட்டேன், யோசிச்சுச் சொல்லும்மான்னாரு. யோசிக்க என்ன இருக்கு? பாப்பா நடக்குது. அப்பா எங்கன்னு கேட்டா கார்டக் காட்டுது. அவ்வளவுதான் கடிதம். அடியில் ஒரு வரி தமிழில் எழுதியிருக்கிறாள். வாத்தியார் எழுத்து இல்லை, அவளே எழுதியது, மேலும் கீழும் ஏறி இறங்குகிற எழுத்து. படிக்கத் தெரியாத தணிக்கைக்காரன் அதன்மேல் மசியை ஊற்றித் தடவிவிட்டான். கோமதிநாயகம் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு சுழி தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

அந்தக் கார்டை எழுதினது யார்? இந்தக் கை. பட்டியலைப் பிடித்திருக்கிற இதே வலது கை. ஜனவரி பத்தாம் தேதி, கரிக்கட்டை போட்ட சட்டியை நடுவில் வைத்து, நாலு கட்டில் போட்ட அறையில், இருளப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து எழுதினது. முந்தின வாரம்தான் அவன் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தது. இந்த நாட்டு ராணுவத்து மேஜர் ஒருவர், அவரும் டாக்டர், கூட நின்று விளக்குப் பிடித்தார். தன் ஆட்களுக்கு வைத்திருந்த பெனிசிலினில் நாலு குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். காலை எடுத்தும் சீழ் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. டாக்டருக்கு மூக்கு முதலில் சொல்லும், பிறகுதான் கண் சொல்லும். மூக்கு அன்றைக்கே சொல்லிவிட்டது. இருளப்பனோ, "எழுதுங்க சார். இங்கு நலம், நலமறிய ஆவல்" என்றான். அட்டையில் அச்சடித்த கட்டங்கள் இருந்தன. நலம், லேசான காயம், பலத்த காயம், பொருத்தமானதில் குறி போடு என்று. பேனா பலத்த காயத்துக்கு மேலே போய் நின்றது. "எங்க சார் போறீங்க? மொதக் கட்டத்துல போடுங்க." "கால் இல்லாதவனுக்கு நலமாடா?" "உங்க அம்பாசமுத்திரத்துல லெட்டர எப்படி ஆரம்பிப்பீங்க? உடம்பு சரியில்லன்னா ஆரம்பிப்பீங்க?" அவன் சிரித்தான், காய்ச்சல் கண்ணோடு. கோமதிநாயகமும் சிரித்துவிட்டான். அது உண்மைதான். அவன் அப்பா, சர்க்கரை ஏறிப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும், பட்டாளத்துக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் இங்கு அனைவரும் நலம்தான் முதல் வரி. பிள்ளை செத்த வீட்டிலிருந்து வருகிற கடிதமும் நலம் என்று தொடங்கித்தான் நாலாவது வரியில் அழும். அதுதான் மரியாதை. நம் ஊரில் படித்தால், முதல் வரியை யாரும் நம்ப மாட்டார்கள், கீழேதான் தேடுவார்கள். கீழே எழுத இருளப்பனிடம் தெம்பு இல்லை. "மத்தத நாளைக்குச் சொல்றேன் சார்" என்று கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் பை கட்டுகிற நாள். முதல் கட்டத்தில் குறியும், நலம், நலமறிய ஆவல் என்பதன் இங்கிலீஷும் மட்டுமாக அட்டை போய்விட்டது. பதினேழாம் தேதி மத்தியானம் இருளப்பன் போனான். விறகு கொடுத்தார்கள். பவுன்ராஜ் கொள்ளி வைத்தான். கோமதிநாயகம் இறப்புச் சான்றை மூன்று படி எழுதி, மூன்றிலும் ஒரே மாதிரி கையெழுத்துப் போட்டான். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்துவிடும், கார்டுக்குப் பின்னாலேயே ஓடிப்போய் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடும் என்றுதான் இத்தனை நாள் தூங்கினான். சான்றைப் பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு குறியைச் சரியான கட்டத்தில் போடத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரியில் பொய் எழுதக் கற்றுத் தரவில்லை, அதை வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தான்.

காவல்காரன் நாலாவது வரிசையில் இருந்தான். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அந்தச் சான்று போய்ச் சேர்ந்திருந்தால் பதிவேட்டில் நூற்றுப் பதினேழு என்றல்லவா இருக்கவேண்டும்? இந்த முகாமின் மேஜையிலேயே இருளப்பன் இன்னும் சாகவில்லை. பழைய சுபேதாருக்கு ஆள் முகம் தெரியும், அவர் பதிவேட்டைப் பாராமலே எண்ணிவிட்டுப் போவார். இவர் புதுசு, எழுத்தைப் பார்க்கிறார். அப்படியென்றால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. சொன்னால் கோமதிநாயகம்தான் சொல்லவேண்டும். எதில் சொல்வது? ஆளுக்கு மாதம் ஒரு அட்டை, எட்டு வரி, ஒரு விலாசம். தமிழ் ஆட்கள் பதினொரு பேருக்கும் நேற்றே இவன்தான் எழுதிக் கொடுத்தான், அவற்றைக் காவல்காரர்கள் வாங்கிக்கொண்டும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இவனுடையது மட்டும். அது உலகம்மாளுக்கு. சண்டைக்குப் புறப்பட்டபோது உலகம்மாளுக்கு நாலு மாதம், வாந்தி நின்று மாங்காய்க்கு அலைந்துகொண்டிருந்தாள், டிசம்பர் மாதத்தில் மாங்காய்க்கு எங்கே போவேன் என்று இவன் கத்த, "டாக்டருக்குப் படிச்சு என்ன பிரயோசனம்" என்றாள். இப்போது பெற்றிருப்பாள். ஆணா, பெண்ணா, தாயும் பிள்ளையும் எப்படி, ஒன்றும் தெரியாது. அவளிடமிருந்து ஒரு கடிதம் வரவில்லை. இவனும் ஜனவரியில் போட்ட ஒன்றுதான், நடுவில் மூன்று மாதம் அட்டையே தரவில்லை. அவள் இடுப்பு குறுகல். இதை டாக்டராக நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் டாக்டராகத்தான் நினைக்கிறான். குறுக்கே கிடந்தால், கொடி சுற்றியிருந்தால், ரத்தம் நிற்காவிட்டால், எல்லாம் எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதுவரை ஞாபகம். பிழைத்துக் கிடக்கிறாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தபால்காரன் சைக்கிள் மணிக்குக் காதை வைத்திருக்கிறாள் என்றால், இந்த மாதமும் ஒன்றும் போகாவிட்டால், நாலு மாதமாகக் கார்டு வராத வீட்டில் என்ன பேசுவார்கள்? கமுதியில் என்ன பேசினார்களோ அதைத்தான். பச்சை உடம்புக்காரியிடம் போய்ப் பால் சொம்பை நீட்டுவார்களா? நீட்ட மாட்டார்கள், அவள் அப்பா படித்தவர். படித்தவர்கள் கொஞ்சம் தாமதமாக நீட்டுவார்கள். இந்த மாதம் உலகம்மாளுக்கு, அடுத்த மாதம் வெள்ளத்தாய்க்கு. அதுதான் சரி. ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும்? ஒரு மாதம் கூடப் பொட்டு வைத்துக்கொள்ளட்டுமே, பூ வைத்துக்கொள்ளட்டுமே. அது அவளுக்குக் கொடுக்கிறதா, அவளிடமிருந்து திருடுகிறதா? இங்கிருந்து போகிற அட்டை அங்கே சேர ஒன்றரை மாதம். இன்று போட்டால் ஜூன் கடைசி. அடுத்த மாதம் போட்டால் ஜூலை தாண்டிவிடும், சோறு ஆக்க வேறொருத்தி வந்திருப்பாள். நடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, கொழுந்தன் வீட்டுக் கொல்லையில், பிள்ளைக்குக் கஞ்சிக்கு யார் முகத்தைப் பார்ப்பாள்? கார்டைக் காட்டுகிற பிள்ளைக்குக் கார்டையா ஊட்டுவாள்? இல்லை, உலகம்மாளுக்குத்தான். முதலில் சொந்த வீடு. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இருளப்பனைக் கேட்டால்? அவன், மொதக் கட்டத்துல போடுங்க சார் என்பான்.

பொத்தென்று சத்தம். மூன்றாவது வரிசையில் காய்ச்சல்காரன் ஒருவன், நேற்றிலிருந்து கஞ்சி கூட இறங்காதவன், முட்டி மடங்கி உட்கார்ந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். காவல்காரனுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. சுபேதார் குடையை விரித்துக்கொண்டு, "யாரும் அசைய வேண்டாம், ஆள் கிடைக்கிற வரைக்கும் இப்படியேதான்" என்றார். கத்தவில்லை, அலுத்துப்போன குரல். கோமதிநாயகம் ஓடிப்போய்க் கீழே கிடந்தவனின் கையைப் பிடித்தான். நாடி ஓட்டமாய் ஓடியது. பவுன்ராஜ் தன் நிழல் அவன் முகத்தில் விழும்படி நகர்ந்து நின்றுகொண்டு, "சார், அந்தாளு தேடுற ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும்போல" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. "எப்படித் தெரியும்?" "காலைல லெட்டர் வந்ததுல இருந்து உங்க மூஞ்சி சரியில்ல. இருளப்பன் பேரு அதுல இருக்கா?" இவன் காய்ச்சல்காரனின் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "கொள்ளி வச்சவன் நான். நான் வேணா சொல்றேன், நீங்க வாயத் தொறக்க வேணாம்." அந்த வார்த்தை சுட்டது. நூற்றுப் பதினேழு பேரை வெயிலில் காயப்போட்டு, சாகக் கிடக்கிறவனைத் தரையில் போட்டு, ஒரு வார்த்தையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கிற டாக்டர். எழுந்து மேஜைக்கு நடந்தான். பத்துத் தப்படிதான். ஒவ்வொரு தப்படிக்கும் திரும்பிவிடலாம் என்று இருந்தது. "சுபேதார் சாகிப், ஆள் குறையவில்லை. லான்ஸ் நாயக் இருளப்பன். ஜனவரியில் இறந்துபோனார்." அவ்வளவு பேருக்கு முன்னால் சத்தமாக அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்னதும், கமுதிப் பக்கம் ஒரு வாசலில் யாரோ நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. சுபேதார் குடையை மடக்கினார். தாளைப் புரட்டிப் புரட்டிப் பதிவேட்டின் பின்பக்க மேலுறைக்கு வந்தார். அதன் மடிப்புக்குள் மூன்று காகிதம் மடித்துச் செருகியிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு இவன் பக்கம் நீட்டினார். மூன்று படி, மூன்றிலும் இவன் கையெழுத்து, ஒரே மாதிரி. ஒரு மூலையில் தேநீர்க் கறை. "அல்லா மன்னிக்கட்டும். இது போகவே இல்லை டாக்டர் சாகிப்" என்றார் அந்த மனுஷர். காகிதங்களைத் திரும்ப வாங்கி மேஜைமேல் வைத்து நீவிவிட்டார். "இன்றைக்கு அனுப்புகிறேன். ஆனால் இது தலைநகர் போய், அங்கிருந்து வெளிநாடு போய், உங்கள் நாடு போய்..." கையை விரித்தார். ஆறு மாதமோ ஒரு வருஷமோ. பிறகு இருளப்பன் பேரின்மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். எல்லாரையும் நிழலுக்குப் போகச் சொன்னார். "பையை இப்போதே கட்டுகிறேன். உங்கள் அட்டை மட்டும் வரவில்லையே?"

"அஞ்சு நிமிஷம்" என்று மேஜையின் ஓரத்திலேயே குனிந்தான். விலாசம் எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. உலகம்மாள் என்பதற்கு இங்கிலீஷில் எந்த எழுத்து முதலில் வரும் என்று கைக்குத் தெரியும், அது எழுதத் தயாராக இருந்தது. கையை இழுத்துப் பிடித்து, இருளப்பனுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்து, வெள்ளத்தாயின் விலாசத்தை ஒரு எழுத்து விடாமல் இறக்கினான். எழுதியாகிவிட்டது, இனி அழிக்க முடியாது, மசி. இதை யார் படித்துச் சொல்வார்? அதே வாத்தியார். தெருவே கூடியிருக்கும், நல்ல சேதி கேட்க. முதல் வரியிலேயே வாத்தியாருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும், கூட்டத்தை விலக்கிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட வேண்டும், அப்படி எழுதவேண்டும். இங்கு நலம் இல்லை என்றுதான் தொடங்கினான். அம்மா, நான் டாக்டர், உங்கள் கணவரைப் பார்த்துக்கொண்டவன் என்று முதலில் தமிழில் மனதுக்குள் சொல்லிப்பார்த்து, வாத்தியார் திரும்பத் தமிழாக்கும்போது நொண்டாத இங்கிலீஷாகப் பொறுக்கிப் போட்டான். ஜனவரி பதினேழு, மத்தியானம். காலில் பட்ட குண்டு. வலிக்கு மருந்து கொடுத்தோம் என்று எழுதினான், அது உண்மைதான், கடைசி நாள் மட்டும் இல்லை. நம் ஆள்தான் கொள்ளி வைத்தான் என்று எழுதினான், அதை அந்த ஊர் கேட்கும், முதலில் அதைத்தான் கேட்கும். நலம் என்று எழுதியது அவர் இல்லை, நான், அந்தப் பாவம் என்னுடையது, என்னை மன்னிக்க வேண்டாம் என்று எழுதினான். ஏழு வரி ஆயிற்று. ஒரு வரி பாக்கி.

பேனா எட்டாவது வரியின் தலையில் நின்றபோதுதான் அது தோன்றியது, தண்ணீர் மாதிரிச் சாதாரணமாகத் தோன்றியது. அம்பாசமுத்திரத்தில் உலகம்மாளுக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள், நான் உயிரோடு இருக்கிறேன் என்று. அவ்வளவுதான். வாத்தியார் போட்டுவிடுவார். கமுதியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு இரண்டே நாள். ஒரு அட்டையில் இரண்டு வீட்டுக்கும் சேதி. ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? வெள்ளத்தாய் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். அழுதுகொண்டே சொல்வாள், வாத்தியாரே அந்தப் பொம்பளைக்கு ஒரு வரி போட்டிருங்க, பாவம் பிள்ளைத்தாச்சியா இருக்கும்னு. அப்படிப்பட்டவள்தான். தாலியைத் தானே கட்டிக்கொண்டவள், மறுபடியும் தானே கழற்றி வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு, இன்னொருத்தி புருஷன் கல்லு மாதிரி இருக்கிறான் என்ற சேதியைத் தபால்பெட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு நடப்பாள், இடுப்பில் பிள்ளையோடு. செய்வாள் என்பது தெரிகிறது, அதனால்தான் கேட்கக் கூடாது. கேட்டால் என்ன? ஒரு வரிதானே. உலகம்மாள் இடுப்பு குறுகல். மை காய்ந்து பேனாவை உதற வேண்டியிருந்தது. சுபேதார் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. கோமதிநாயகம் எட்டாவது வரியை எழுதினான். அந்தச் சமையல் வேலையைப் போய் வாங்கிக்கொள்ளுங்கள், ஜூன் முடிவதற்குள், இன்றைக்கே புறப்படுங்கள். எழுதி முடித்ததும் இடமே இல்லை, விளிம்பு வரைக்கும் எழுத்து. சுபேதார் அட்டையை வாங்கி, விலாசத்தைப் பார்த்து, கோடு இழுத்த பெயரைப் பார்த்து, இவனைப் பார்த்தார். "உங்கள் வீட்டுக்கு?" "அடுத்த மாசம்." அவர் அட்டையைப் பைக்குள் கையை விட்டு அடியில் வைத்தார். பவுன்ராஜ் காய்ச்சல்காரனைத் தோளில் போட்டுக்கொண்டு "வாங்க சார், இவன் ஒளறுறான்" என்று கூப்பிட்டான். இதோ வந்துவிட்டேன் என்றான் இவன். சணல் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியது, அரக்கு உருகிச் சொட்டியது, அதன்மேல் முத்திரை அழுந்தியது. ஆணா, பெண்ணா என்று இன்றைக்கும் கேட்கவில்லை.